எனக்கு எதிரான மாதிரி விடை

நேற்றுக் கல்முனையில் அடையாள அட்டையைப் பிரதி எடுக்கப் போனேன். இயந்திரத்திலிருந்து தாள் சுடச்சுடக் கைக்கு வந்தது. அந்தக் கருகல் மணம் மூக்கில் ஏறியதும் முபீன் காக்காவின் கடை நினைவுக்கு வந்துவிட்டது.

கம்பஸ் வாசலுக்கு எதிரே போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தவர் அவர், எல்லோருக்கும் அண்ணன் முறை. நான் அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் புதிதாக விரிவுரையாளர் ஆனவன், தலைகால் தெரியவில்லை. எனக்குத் தந்த பாடம் விமர்சனச் சிந்தனை. அது என்னவென்று சொல்ல நானே திணறிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளோ நான் தும்மினாலும் எழுதிக்கொண்டார்கள். ஒரு பிள்ளையின் குறிப்புக் கொப்பியில் ‘சேர் சிரித்தார்’ என்றுகூட இருந்தது. சரி, சண்டைக்கு இழுத்துப் பார்ப்போம் என்று, “டியூசன் படிச்ச பிள்ளைக்குச் சொந்தமா யோசிக்க வராது. மறுத்துக் கதைங்க பாப்பம்” என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேரும் டியூசன் படித்து வந்தவர்கள்.

“ஏன் சேர் அப்பிடிச் சொல்றீங்க?” என்று கேட்டது நுஸ்ரா மட்டும்தான். மருதமுனைப் பிள்ளை. வகுப்பு முடிந்தாலும் விடமாட்டாள். முதல் வகுப்புப் பட்டத்தோடு சித்தியடைந்து, அங்கேயே விரிவுரையாளராக வேண்டும் என்பது அவள் ஆசை. உண்மையைச் சொன்னால், அவள் விஷயத்தில் எனக்கும் அதுதான் ஆசை.

அதே கருத்தைப் பரீட்சையில் ஆராயச் சொன்னேன். விடைத்தாள் கட்டைப் பிரித்தால், வகுப்பே என்னை மறுத்திருக்கிறது, ஒரே வசனங்களில், ஒரே உதாரணத்தோடு. பிள்ளைகள் நோட்ஸ் வாங்குவது காக்காவிடம்தான், அவரிடம் ஓடினேன். “சேர்ட நோட்ஸ விட சேருக்கு எதிரான நோட்ஸ்தான் நல்லாப் போகுது” என்றார் மனிதர், பெருமையாக. ஒரு டியூசன் மாஸ்டர் எழுதிக் கொடுத்ததாம்.

நுஸ்ராவின் விடை மட்டும் வேறு. அவள் என்னோடு உடன்பட்டிருந்தாள். டியூசன் வகுப்பில் ஒருமுறை கேள்வி கேட்டாளாம், பாடம் முடிந்த பிறகு கேள் என்றார்களாம். முடிந்தபோது அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கதவடியில் நின்றார்களாம். ‘அந்தக் கேள்வி என்னவென்று இப்போது எனக்கு நினைவில்லை’ என்று முடித்திருந்தாள். புள்ளிகளை அள்ளிப் போட்டேன்.

எனக்குப் பிறகு அதே தாளைத் திருத்திய இரண்டாம் பரீட்சகர் அதை வெட்டிவிட்டார். பீடம் தந்த புள்ளித் திட்டத்தில் எதிர்வாதத்துக்குத்தான் புள்ளி. இவள் எதிர்வாதமே செய்யவில்லை. அவளுக்கு அந்தப் பாடம் தவறிப்போனது. பரீட்சகர் கூட்டத்தில் கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். “திட்டத்தில இல்லாததுக்கு எப்பிடி சேர் போடுற?” என்று சொல்லி, தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்கள்.

நுஸ்ரா என் அறை வாசலில் நின்றாள்.

“மாத்த ஏலாதா சேர்?”

“ஏலா, நுஸ்ரா.”

“நான் எழுதினது பிழையா?”

“பிழையில்ல.”

அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

தவறிய பாடத்தைத் திரும்ப எழுதுகிறவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சாதாரண சித்திதான், அது கம்பஸ் சட்டம். முதல் வகுப்பு போனது போனதுதான். ஆனாலும் பட்டம் வேண்டுமே. அடுத்த வருடம் வந்து எழுதினாள். கேள்வியை மாற்றப் பீடம் என்னை விடவில்லை.

விடைத்தாளில் பெயர் இல்லாவிட்டாலும் அவள் கையெழுத்து எனக்குத் தெரியும். காக்காவின் கடையில் விற்ற அதே வசனங்கள், அதே உதாரணம், ஒரு சொல் கூடக் குறைய இல்லை. இரண்டாம் பரீட்சகருக்கும் எனக்கும் இந்த முறை ஒரு பிணக்கும் வரவில்லை. திட்டப்படி முழுப் புள்ளியும் போட்டேன். எங்கள் கம்பஸில் என்னிடம் ஏனென்று கேட்க இருந்த ஒரே பிள்ளையும் அன்றோடு மற்றவர்களில் ஒருத்தி ஆகிப்போனாள்.