தூளித் தாவணி

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் ஃபேஷன் நிருபராக இருந்தேன் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்றும் சிரித்தார்கள். சென்னையிலிருந்து வந்த பெண்கள் வார இதழ் ஒன்றில் ‘இந்த வார ஸ்டைல்’ என்று ஒரு பக்கம். அதை நிரப்புவது என் வேலை. ஊரோ நூல் மில் ஊர். ஷிப்டுக்கு ஓடுகிற பெண்களிடம் என்ன ஸ்டைலைத் தேடுவது? பஃப் கை, அரை பஃப் கை, பஃப் இல்லாத கை என்று மூன்று வாரம் ஓட்டினேன்.

நாலாவது வாரம் பக்கத்து மருந்துக் கடை போனுக்கு ஆசிரியர் டிரங்க் கால் போட்டார்.

“ஜெயா, உங்க ஊர்ல யாரும் புதுசா உடுத்துறதே இல்லையா?”

“உடுத்துவாங்க சார். தீபாவளிக்கு.”

“அதுவரைக்கும் பத்திரிகை காத்திருக்காதும்மா. இந்த வாரம் புதுசா ஒண்ணு வரலேன்னா அந்தப் பக்கத்தை ஊறுகாய்க்குக் கொடுத்துடுவேன்.”

சமையல் குறிப்புக்குப் போன பக்கம் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. பக்கம் போனால் வேலையும் போச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். பந்திக்குப் பக்கத்தில் பச்சைத் தாவணியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்திலிருந்து அதே பச்சையில், வலை மாதிரி மெல்லிய துணி ஒன்று பல மடிப்பாக, அகலமாகத் தொங்கியது. ஓரத்தில் ஜரிகை. அதற்குள் இடது கை, தூளியில் போட்ட பிள்ளை மாதிரி சுகமாகப் படுத்திருந்தது. மருதாணி வைத்த விரல் நுனிகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. எனக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது.

“அக்கா, இது என்ன ஸ்டைல்?” என்று அவள் அம்மா சரஸ்வதியிடம் கேட்டேன்.

அந்த அம்மாள் பக்கத்திலிருந்த ஒரு பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார்: “இதுவா? மெட்ராஸ்ல இப்பத்தான் வந்திருக்கு. இங்க எம்புட்டுப் பேருக்குத் தெரியும்?”

படம் எடுத்தேன். ‘தூளித் தாவணி’ என்று நானே பெயர் வைத்தேன். அன்றைக்கே பார்சல் போட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது; பிறந்ததிலிருந்து அது காய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெள்ளையாக இருந்திருந்தால் அது என்னவென்று தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். பச்சைச் சாயத்தில் கோட்டை விட்டேன்.

இதழ் வந்தது. ஆசிரியர் போனில் “பிரமாதம்!” என்றார். அடுத்த வாரம் டவுன் பஸ்ஸில் நான்கு கல்லூரிப் பெண்கள் ஒரு கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்துத் தள்ளாடினார்கள். கண்டக்டர் அவர்களைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, நாலு பேரும் ஒரே வண்டியில இருந்தா விழுந்திய?”

கண்டக்டருக்குப் பட்டென்று புரிந்தது எனக்கு உறைக்கவில்லை. மட்டமான ரசனை என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் கல்யாண வீட்டில் பார்த்த அந்தப் பெரியம்மா நின்றார். கையில் இதழ். பெயர் பேச்சியம்மாள், ஊர் சோழபுரம், பருத்தி விவசாயம்.

“இந்தப் பிள்ளைய என் மகனுக்குப் பேசியிருக்கோம். நாளைக்கு அவிய வீட்டுல கை நனைச்சு சம்பந்தத்த உறுதி பண்ணணும். நெசமாவே இது ஸ்டைலா? பேப்பர்ல எழுதுறவ, நீ சொல்லு. அத வச்சு முடிவு பண்ணுதேன்.”

ஒரு சம்பந்தமே என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்போதுதான் கண்டக்டர் கேட்டது மண்டையில் உறைத்தது. “சாயங்காலம் வாங்கம்மா, சொல்லுதேன்” என்று அனுப்பிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

சரஸ்வதி அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனார். “மொபெட்ல இருந்து விழுந்துட்டா. உள்ள மாவுக்கட்டு. அவ அப்பா பேண்டேஜ் கம்பெனியில சூப்பர்வைசர். அங்க வாங்குன துணிக்கு நாந்தான் சாயம் முக்குனேன். கை ஒடிஞ்ச பிள்ளைன்னு தெரிஞ்சா சம்பந்தம் போயிரும். ஸ்டைலுன்னே சொல்லிரு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

பின்னாலிருந்து மகள் மாலதி கத்தினாள். “உள்ள அரிச்சுக் கொல்லுது, இதுல ஸ்டைலாம்! அக்கா, உள்ளதச் சொல்லிருங்க. ஆயுசுக்கும் இதக் கட்டிக்கிட்டு அலைய முடியுமா?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் சொன்னால் என் பக்கம் பிழைக்கும், கல்யாணமும் நடக்கும். ஆனால் கையில் பொய்யைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போக வேண்டியவள் அவள். அவளே வேண்டாம் என்கிறாள்.

சாயங்காலம் பேச்சியம்மாளிடம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். “அது ஸ்டைல் இல்லம்மா. கை ஒடிஞ்சிருக்கு. விசாரிக்காம எழுதுனது என் தப்பு.”

அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். “ஒடிஞ்சதுதானா? அப்பாடி! செத்த தண்ணி குடு.”

ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

“எலும்பு ரெண்டு மாசத்துல கூடிரும். ரெண்டு கையும் நல்லா இருக்கையில ஒரு கையக் கட்டித் தொங்க விட்டுட்டு அலையிற பிள்ளைன்னா, பருத்திக் காட்டுல நான் அவள வச்சு என்ன செய்ய? நீ மட்டும் ஸ்டைலுன்னு சொல்லியிருந்தா, இப்பவே போயி வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

உள்ளதைச் சொன்னதும் ஆசிரியர் போனில் குதி குதி என்று குதித்தார். கடைசியில் இறங்கி வந்து ஒரு வரி போட்டார்: ‘தூளித் தாவணி ஸ்டைல் அல்ல, எலும்பு முறிவு.’ தண்டனையாக அரைப் பக்கத்தை ஊறுகாய்க்குக் கொடுத்தார். மிச்ச அரைப் பக்கத்தில்தான் அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் எழுதினேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: “என்ன ஸ்டைல்?” என்று அம்மாவிடம் கேட்காதீர்கள். “ஏன் கட்டியிருக்கே?” என்று கட்டியிருப்பவளிடம் கேளுங்கள்.

மாலதி கல்யாணத்துக்குப் போனேன். இரண்டு கையாலும் மாலை போட்டாள். பேச்சியம்மாள் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். என் தோளில் கேமராவைப் பார்த்ததும் சேலையை லேசாகத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். அகலமான வெள்ளைக் கட்டு.

“சுளுக்கு தாயி” என்றார் அவசரமாக. “எழுதிராத.”