யாரைக் கேட்பது?

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் காதர் சார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

காதர் சார் எங்கள் பள்ளியில் பயாலஜி வாத்தியார். நான் கணக்கு. கரு வளர்ச்சிப் பாடம் வந்துவிட்டால் மனிதருக்கு உற்சாகம் தாங்காது. இடைவேளையில் டீ கிளாஸோடு வந்துவிடுவார்.

"முதல்ல துளி, அப்புறம் ஒட்டிக்கினு இருக்கிறது, அப்புறம் சதைக்கட்டி... எங்க வேதத்துல அன்னிக்கே இருக்குது சார். சயன்ஸ் இப்பத்தான் பின்னாடி வந்துக்கினு இருக்குது."

"அப்போ மைக்ரோஸ்கோப்பை வித்துடலாமா?" என்பேன். சிரிப்பார்.

அவர் மனைவி ஜரீனா பல வருஷம் கழித்து உண்டாகியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் அது கலைந்துவிட்டது.

நாலு மாதம் ஆனதும் சிசுவுக்குள் உயிர் ஊதப்படுகிறது என்பது காதர் சாரின் நம்பிக்கை. ஆகியிருந்தால் குளிப்பாட்டி, பெயர் வைத்து, கஃபன் என்ற வெள்ளைத் துணி சுற்றி அடக்கம் செய்ய வேண்டும். ஆகாவிட்டால் சும்மா சுற்றிப் புதைத்தால் போதும். ஜரீனாவுக்கோ நாலு மாதம் ஆகியும் இருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம்.

லேடி டாக்டரைக் கேட்டோம். "நாங்க போடற தேதியே உத்தேசம்தாங்க. உயிர் எப்ப வந்துச்சுன்னு எங்க புஸ்தகத்துல இல்ல. உங்க பெரியவங்களைக் கேளுங்க."

சைக்கிளை மிதித்துப் பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் கண் கலங்கினார். "நாலு மாசம் ஆச்சுன்னா பேர் வைக்கணும்பா. ஆச்சா இல்லியான்னு டாக்டர்தான் சொல்லணும்."

சந்திரனிலிருந்து மண் அள்ளி வந்தாயிற்று. இதைச் சொல்ல ஆளில்லை!

திரும்பி வந்ததும்தான் அந்தக் கேள்வி. "சார், நீங்களாவது சொல்லுங்க. அது ஆளா, இல்லியா?"

இல்லாத உயிருக்குப் பெயர் வைத்தால் தப்பாகிவிடுமோ என்று அவருக்குப் பயம். கடைசியில் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தார். துணி வாங்க நான் போனேன். கல்யாணப் பட்டு மாட்டியிருந்த கடையில், வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார் — "என்னா சார், வூட்டுல விசேஷமா?"

வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். ஜரீனா எழுந்து உட்கார்ந்திருந்தார். கணவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"என்னா பேர் வெச்சீங்க?"

காதர் சார் தரையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைகூட வயித்துல அசைஞ்சுதே... எனக்கு நல்லா தெரிஞ்சுதே. பேர் வெச்சிருப்பீங்கன்னு இருந்தேன்."

டாக்டரைக் கேட்டோம். ஹஜ்ரத்தைக் கேட்டோம். உள்ளே கட்டிலில் கண் விழித்துப் படுத்திருந்தவரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இனி எந்தப் புத்தகத்தைப் புரட்டி என்ன?

நேற்று காதர் சாருக்கு மறுபடி அதே பாடம். கரும்பலகையில் சிசுவின் படத்தைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் படத்துக்கு அடியில் பெயர் எழுதச் சாக்பீஸைத் தூக்கினாராம். எழுதாமலே அழித்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.