தொண்ணூற்றைந்து சுற்று

அறுபதுகளின் பாப் இசைத்தட்டுகளுக்கு மைசூரில் ஒரு ரசிகர் குழு இருக்கிறது என்பதே எனக்குத் தொண்ணூறுகளின் நடுவில்தான் தெரியும். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்தவளின் மாமனார் அதில் ஒருவர். எந்தத் தட்டில் யார் என்ன வாசித்தார்கள் என்று அவர்கள் ஒரு புத்தகம் அச்சடிக்கப் போவதாகவும், அதன் கைப்பிரதியில் எங்கள் தட்டும் இருப்பதாகவும் அவள் சொன்னாள். கிடார் என்ற இடத்தில் "பம்பாய் ஸ்டுடியோ கலைஞர்" என்று போட்டிருந்ததாம்.

அந்தக் கிடாரை வாசித்தது நான். வேறு யாருமில்லை.

அப்பா ஹனூர் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து வயரிங் வேலை செய்தவர். அண்ணன் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஹோட்டல்களில் ஆங்கிலப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தான். அவன் வெளியே போகும்போதெல்லாம் அவன் கிடாரை நான் எடுத்தேன். ஒரு வருடத்தில் அவனைவிட நன்றாக வாசித்தேன். அவனே அதை ஒப்புக்கொண்டு, பாடகனாக மாறிக்கொண்டான். எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது பெங்களூரில் ஒரு கூடத்தில் எங்கள் சின்னத் தட்டைப் பதிவு செய்தோம். ஒரு பக்கம் நாங்களே கட்டிய பாட்டு. மறுபக்கம் பாட்டே கிடையாது, கிடார் மட்டும். அட்டைக்குப் படம் எடுக்கும்போது என்னைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். நான்கு பேர் வாசித்த தட்டு, மூன்று பேர் இருக்கும் படம், பெயர் ஏதோ "பிரதர்ஸ்".

அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. அந்தக் கோபம் அப்படியே இருந்தது.

அண்ணன் எழுபதுகளிலேயே இறந்துவிட்டான். ஒருவன் ஆஸ்திரேலியா போனான். இன்னொருவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எனக்காகச் சாட்சி சொல்ல ஆளில்லை. நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலைக்குப் போய், இருபத்திரண்டு வருடம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு சரஸ்வதிபுரத்தில் அவர்கள் கூடும் மாடிக்குப் போனேன். வீடு ஒரு வங்கி அதிகாரியுடையது. குழுவை நடத்துபவரும் புத்தகத்தை எழுதுபவரும் அவர்தான். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் ரசிகர்கள், பாதிப் பேர் ஒரு காலத்தில் வாசித்தவர்கள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் ஹோட்டல் ஜூக்பாக்ஸில் நாலணா போட்டுவிட்டு, ஒரே காபியை மூன்று பேர் குடித்து, அடுத்தவன் போட்ட பாட்டையும் ஓசியில் கேட்ட கதையைச் சொன்னார். அக்கார்டியன் வாசிக்கும் பெரியவர், கச்சேரிக்காகத் தைத்த குழாய் பேண்ட்டைக் கழற்ற முடியாமல் அதோடே தூங்கியதைச் சொன்னார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் எங்கள் தட்டைப் பற்றிச் சொன்னேன்.

வங்கிக்காரர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். அது பம்பாய் ஆள் வாசித்தது என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்த வேகம் கேட்டீங்களாம்மா? இங்க லோக்கல்ல யாருக்கு அந்தக் கை இருந்துச்சு? அதுவும்..."

"அதுவும் ஒரு பொம்பளைக்கு. சொல்லுங்க சார், பரவால்ல."

"ஹாகல்லம்மா, அப்படி இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். பிறகு பரீட்சை வைத்தார். எந்தச் சுருதியில் வாசித்தீர்கள் என்று கேட்டார். மூன்று கட்டை என்றேன். அவர் தட்டை எடுத்து, பாட்டில்லாத பக்கத்தை மிஷினில் போட்டார். இருபத்தெட்டு வருடம் கழித்து என் கை எனக்குக் கேட்டது. அக்கார்டியன்காரர் தன் அக்கார்டியனில் கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல், நாலு கட்டை என்றார்.

"வாசிச்சவங்களுக்கு வாசிச்ச சுருதியே தெரியல" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். வங்கிக்காரர் காபி கொண்டுவரச் சொன்னார். விஷயம் முடிந்துவிட்டதாம்.

என்னைப் பொறுத்தவரை அது முடியவில்லை. கிடாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் மூன்று கட்டை. அந்த இசை முழுக்க அந்தத் திறந்த கம்பி அதிர்வதை வைத்துத்தான் ஓடும். நாலு கட்டை என்றால் அந்தக் கம்பியை அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்போது அந்த அதிர்வு வராது. தட்டில் அதிர்வு வந்தது, என் காதால் கேட்டேன். அப்படியென்றால் தப்பு என்னிடம் இல்லை.

காபி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தபோது மேஜைக்கு அடியில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி முனகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"இது அமெரிக்கா மிஷினா சார்?"

மச்சினர் அங்கிருந்து அனுப்பியது என்றார் பெருமையாக. நம் ஊர்க் கரண்டுக்கு அதன் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். முதலில் மெதுவாக ஓடியதாகவும், ரிப்பேர்க்காரன் மோட்டார் தண்டில் டேப் சுற்றிச் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னார். எதை வைத்துச் சரிபார்த்தான் என்று கேட்டேன். காதால் கேட்டு என்றார்.

டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைக்கும், அவ்வளவுதான். அங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது தடவை துடிக்கும், இங்கே ஐம்பது. அந்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடும். தட்டைச் சுழற்றும் அந்தத் தண்டைத் தடிமனாக்கினால் தட்டு வேகமாகச் சுற்றும். ஒரு சுற்று டேப் கூடிப்போனால் அளவுக்கு மேல் வேகமாகச் சுற்றும். என் வயிற்றுப் பிழைப்பே மோட்டார். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துத் தட்டின் லேபிள் ஓரத்தில் ஒட்டினேன். சின்னத் தட்டு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்ற வேண்டும், இரண்டு நிமிடத்துக்குத் தொண்ணூறு. அக்கார்டியன்காரரிடம் கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். காகிதம் என் பக்கம் வரும்போதெல்லாம் எல்லாரும் வாய்விட்டு எண்ண வேண்டும் என்றேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். எண்பதுக்கு மேல் சிரிப்பு நின்றது. தொண்ணூறு என்று சொன்னபோது கடிகாரத்தில் இன்னும் நேரம் பாக்கி இருந்தது. பெரியவர் கையைத் தூக்கியபோது எண்ணிக்கை தொண்ணூற்றைந்து.

முதலில் பேசியவர் அக்கார்டியன்காரர்தான்.

"நாலு வருசமா இங்க வரேன். என் பாட்டெல்லாம் ஏன் இப்படிக் கீச்சுனு கேக்குதுன்னு யோசிப்பேன். வயசாகி காது போயிடுச்சுன்னு டாக்டர்ட்ட வேற போனேன், பாருங்க."

வங்கிக்காரரின் முகம் சிவந்தது. வெளிநாட்டு மிஷின் தப்புப் பண்ணாது என்று அவர் சத்தியமாக நம்பியிருந்தார். அவர் மட்டுமா, அந்த மாடியில் எல்லாருமே அப்படித்தான். சொந்தக் காதைச் சந்தேகப்பட்டார்கள், மிஷினைச் சந்தேகப்படவில்லை. நான் அனுமதி கேட்கவில்லை. சுவிட்சை அணைத்து, தட்டையும் சுழல்மேடையையும் தூக்கி வைத்துவிட்டு, தண்டைப் பார்த்தேன். நான்கு சுற்று டேப். நகத்தால் ஒரு சுற்றை உரித்து வெட்டினேன். மறுபடி எண்ணினோம். தொண்ணூறுக்கு அரைச் சுற்று குறைவு. அது போதும்.

பாட்டில்லாத பக்கத்தைப் போட்டேன். பெரியவர் கட்டையை அழுத்தினார். மூன்று.

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு கிடாரைக் கேட்டு வாங்கினேன். சுருதி கூட்டி, தட்டை முதலிலிருந்து போடச் சொன்னேன். காயில் சுற்றிச் சுற்றி என் விரல் நுனியெல்லாம் காய்ப்பு. கம்பி வலிக்கவே இல்லை. முதல் பாகத்தில் ஓர் இடத்தில் தடுக்கினேன். அதற்குப் பிறகு தட்டில் வாசித்த பத்தொன்பது வயதுக்காரியோடு கடைசி வரை சேர்ந்தே போனேன்.

முடிந்ததும் வங்கிக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, கைப்பிரதியில் பம்பாய் ஆளை அடித்துவிட்டு, ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். "கிடார்: பாடகரின் தங்கை" என்று எழுதியிருந்தார்.

"அது என் பேரு இல்ல சார். அடிங்க. பேரைச் சொல்றேன், எழுதுங்க."

அடித்தார். சொன்னேன். எழுதினார். சரியாக எழுதியிருக்கிறாரா என்று படித்துப் பார்த்த பிறகுதான் தாளை அவர் கையில் விட்டேன். பின்னாலிருந்து சிரித்த அதே ஆள், இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். தட்டைப் போடப் போன வங்கிக்காரரை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, தனியாக வாசித்தேன்.