படலையைச் சாத்திய சனிக்கிழமை

1976ஆம் ஆண்டு பெப்ரவரி 7, சனிக்கிழமை. காலை ஆறரைக்கு வாசலில் இருந்த இரண்டு பால் போத்தல்களையும் நான் உள்ளே எடுத்து வைத்தேன். ஏழு மணிக்கு அம்மா புட்டு அவித்தார். ஏழரைக்கு அப்பா தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். முழுகிய நாளில் அவர் வெயிலில் இறங்கமாட்டார். யாழ்ப்பாணத்து வெயிலுக்கென்று யாரோ வகுத்த அந்த விதியை அவர் மெல்பேர்ண் வெயிலுக்கும் பிசகாமல் நீட்டித்திருந்தார். அதனால்தான் அன்றும் மீன்பிடிக்க வரச்சொல்லிப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த அழைப்பு அவரைத் தாண்டி மாமாவுக்கும் எனக்கும் கிடைத்தது.

நாங்கள் அப்போது கிளேட்டனில் இருந்தோம். அப்பாவுக்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. எனக்கு வயது ஒன்பதும் நான்கு மாதமும். மாமா, அம்மாவின் தம்பி, ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் தமிழில் படித்தவர். ஆங்கிலத்தை வாசித்தால் விளங்கிக்கொள்வார். இந்த நாட்டவர் வாயைப் பாதி திறந்து பேசும் ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் விளங்கும். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை தேடினார். சனிக்கிழமைகளில் மட்டும் அவர் வேறு மனிதர். காரணம், பக்கத்து வீட்டு அங்கிள்.

அங்கிள் வெள்ளைக்காரர், தச்சு வேலை செய்பவர். அவருடைய சொந்த மருமக்களே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் அங்கிள் என்று கூப்பிட்டது அவருக்குப் பிடித்துப்போயிற்று. நான் மாமாவை மாமா என்று அழைப்பதைக் கேட்டு, அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டார். முதல் முறை தன் கூட்டாளிகளுக்கு, “இவர்தான் மாமா” என்று அறிமுகம் செய்தபோது, அவர்கள் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்கு பறந்துவிட்டது.

“இவ்வளவு பெரிய மீசை வைத்த அம்மாவை நான் பார்த்ததில்லை” என்றார் ஒருவர்.

“என் அம்மாவை நீ பார்க்கவில்லை” என்றார் இன்னொருவர்.

நான் மாமாவுக்கு மொழிபெயர்த்தேன். மாமாவும் சிரித்தார். அன்று முதல் அவர்கள் எல்லோருக்கும் அவர் மாமாதான். இந்த மண்ணில் அவருக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது என்று அப்பா சொன்னார்.

போகும் இடம் கிரான்பர்னுக்கு அப்பால் ஒரு மாட்டுப் பண்ணையின் மூலையில் இருந்த சதுப்பு. இன்று அங்கே நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். அன்று புல்லும் கோரையும் காற்றாடியும்தான். சில வருடங்களுக்கு முன் பண்ணைக்காரர் அந்தச் சதுப்பில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, புல் போடத் தயாரானாராம். அங்கிளும் பதினொரு நண்பர்களும் போய்ப் பேசியிருக்கிறார்கள். மாடுகள் கோரையை மிதிக்காதபடி தாங்களே சுற்றிக் கம்பி வேலி போட்டுத் தருவதாகவும், வேலியைப் பராமரிப்பதாகவும் சொன்னார்கள். பதிலுக்கு அவர் சதுப்பை அப்படியே விடவேண்டும். தாங்கள் மட்டுமல்ல, தூண்டிலோடு யார் வந்தாலும் உள்ளே விடவேண்டும். காலம் வரும்போது வாத்து சுடவும் விடவேண்டும். அவர் சம்மதித்தார். எழுத்தில் எதுவும் இல்லை. கைகுலுக்கல் மட்டும்தான். யாராவது ஒருவர் தவறு செய்தால் எல்லோருக்கும் வழி அடைபடும் என்பதும் அந்தக் கைகுலுக்கலில் அடக்கம்.

அந்த மனிதர்கள் கோரைக்கு நடுவே கம்பங்கள் நட்டு, வாத்துகள் முட்டையிட மரப்பெட்டிகள் பொருத்தியிருந்தார்கள். சுடப்போகிற வாத்துக்கு வீடு கட்டுவது ஏன் என்று நான் அங்கிளிடம் கேட்டேன்.

“சதுப்பு இல்லை என்றால் வாத்து இல்லை. வாத்து இல்லை என்றால் சனிக்கிழமைகளில் நான் மனைவியோடு திரைச்சீலை வாங்கப் போகவேண்டும்” என்றார்.

அன்று காரில் போகும்போது அங்கிள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, எனக்கு ஒரு பதவி தருவதாகச் சொன்னார். இரண்டு கேட் உண்டு. தெருவோரத்துக் கேட் ஒன்று. மாடுகள் மேயும் வெளிக்கும் தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கத்துக்கும் இடையில் மற்றது. இரண்டுக்கும் நானே பொறுப்பு.

“எப்படிக் கண்டாயோ அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டும். திறந்திருந்தால் திறந்தபடி. மூடியிருந்தால் மூடியபடி. இங்கே முழுச் சட்டமும் அவ்வளவுதான். மாமாவுக்கும் சொல்.”

“யெஸ் அங்கிள்” என்றேன்.

“என்னவாம்?” என்றார் மாமா.

“படலையை வடிவாச் சாத்திப்போட்டு வரட்டாம்.”

இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. அங்கிள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. ஆனால் எங்கள் வீட்டில் கேட் என்றால் படலை, படலையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. கிளேட்டனில் எங்கள் வாசலில் இடுப்பளவு இரும்புக் கேட் ஒன்று இருந்தது. அதைத் தாண்டி உள்ளே வருவதற்குப் பால்காரரையும் தபால்காரரையும் விட்டால் எந்தச் சீவனும் இல்லை. ஆனாலும் நான் பள்ளியிலிருந்து வந்து அதைத் திறந்து விட்டுவிட்டால் அம்மா குசினிக்குள்ளிருந்தே, “படலையைச் சாத்து! ஆடு மாடு வரப்போகுது” என்று கத்துவார். படலை என்பது சாத்துவதற்காகவே இருப்பது. திறந்து கிடக்கும் படலை என்றால், யாரோ மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதனால் அங்கிளின் மூன்று வாக்கியங்களும் என் தலைக்குள் போய், அம்மாவின் ஒரு வாக்கியமாக வெளியே வந்தன.

தெருக் கேட்டை நான் திறந்து, கார் போனதும் மூடினேன். உள்கேட் விரியத் திறந்து கிடந்தது. அதன் அருகில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். பிற்பகல் இரண்டு மணி வரை மாமா ஐந்து விலாங்கும் அங்கிள் இரண்டும் பிடித்தார்கள். தோல்வியை ஏற்க முடியாத அங்கிள், விலாங்குகள் தமிழ் பேசுகின்றன என்றார். மார்ச்சில் வாத்துக் காலம் தொடங்கும்போது மாமாவும் வரலாம், வேலி திருத்தும் நாளில் வந்து ஒரு கை கொடுத்தால் அவரையும் கூட்டத்தில் சேர்த்துவிடுவோம் என்று அங்கிள் சொன்னார். இதை நான் சரியாக மொழிபெயர்த்தேன். மாமா அதை இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னார்.

திரும்பும்போது அவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார்கள். நான் கடைசியாக வந்தேன். உள்கேட் இன்னமும் திறந்தே கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டுவந்து, சங்கிலியைச் சுற்றி, கொளுக்கியில் மாட்டினேன். பாரமான கேட். இரண்டு கையும் தேவைப்பட்டது.

“கெதியா வா பிள்ளை!” என்றார் மாமா காரடியில் நின்று.

“படலையைச் சாத்திப்போட்டு வாறன்!”

“நல்ல பிள்ளை” என்றார்.

அங்கிளுக்கும் இது கேட்டது. தமிழ் என்பதால் அவர் சிரித்துவிட்டு, வாளியைக் காரில் ஏற்றுவதில் கவனமாக இருந்தார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் வெயில் கொளுத்தியது. பள்ளியில் எங்களை மரநிழலை விட்டு வெளியே விடவில்லை.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். அம்மா கதிரையை இழுத்துப் போட்டார், அவர் உட்காரவில்லை. அந்த வெளியில் நின்றவை கறவை மாடுகள் அல்ல, இளம் கிடாரிகள். அதனால் பண்ணைக்காரர் அவற்றைத் தினமும் போய்ப் பார்ப்பதில்லை. உள்கேட் மூடியிருந்ததால் அவற்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் போக முடியவில்லை. தாகம் தாங்காமல், தண்ணீர் மணத்த பக்கமாகச் சதுப்பு வேலியை முட்டி உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கின்றன. கோரை முழுவதும் மிதிபட்டுப் போயிற்று. பெட்டிக் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. இரண்டு கிடாரிகள் சேற்றில் புதைந்தன. ஒன்றைத்தான் உயிரோடு இழுக்க முடிந்தது.

“சனிக்கிழமைக்குப் பிறகு அங்கே யாரும் போகவில்லை. அவர் தெருக் கேட்டைப் பூட்டப்போகிறார். எங்கள் பன்னிரண்டு பேருக்கும்தான், வேறு எவருக்கும்தான்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்து, அந்தக் கேட்டுக்கு நான்தானே பொறுப்பு என்று நினைவு வந்தவர்போல, மெதுவாகக் கேட்டார்: “கடைசியாக வந்தது யார், கண்ணே?”

“மாமா” என்றேன்.

ஒரே ஒரு சொல். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மாமா தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு நிமிர்ந்தார். “என்னவாம் அத்தான்?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார்: கேட், தண்ணீர், வேலி, செத்த கிடாரி. கடைசியில், “கடைசியா வந்த நீர்தான் சாத்தினதெண்டு பிள்ளை சொல்லுறாள். மெய்யோ?” என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. நான் எதையும் அளந்து எழுதுகிறவள், இதை அளந்து வைக்கவில்லை. நான் அம்மாவின் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஓம் அத்தான். நான்தான்.”

“கொஞ்சமாவது யோசிச்சனீரோ? அந்த மனுசன் காரிலை ஏத்திக்கொண்டு போனது இதுக்கோ?”

“ஊரிலை சாத்திற மாதிரிச் சாத்திப்போட்டான், பாவம்” என்றார் அம்மா. அவருக்குத் தெரியாமலே உண்மையின் பாதியைச் சொன்னார்.

அங்கிள் நீண்ட நேரம் தொப்பியைச் சுற்றினார். செய்தவரே நேரில் போய், தன் வாயால் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் பண்ணைக்காரர் ஒருவேளை மனம் மாறலாம், வேறு வழி தெரியவில்லை என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமா அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். இரண்டு இடியப்பம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

பண்ணைக்காரர் மனம் மாறவில்லை. மாமா சொன்னதை அவர் கடைசி வரை கேட்டார், கையும் கொடுத்தார், பிறகு பூட்டை எடுத்துவந்து போட்டார் என்று அங்கிள் அப்பாவிடம் சொன்னார். அடுத்த கோடைக்குள் வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்துவிட்டார்கள். அங்கிளின் கூட்டாளிகள் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு மாமாவைக் கூப்பிடவில்லை. ‘அந்த ஆட்களுக்குக் கேட் பழக்கம் தெரியாது’ என்று ஒருவர் சொன்னதாகப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். அந்த ஆட்கள் என்றால் மாமா மட்டும் அல்ல. எங்களுக்குப் பிறகு வந்து, அங்கே தூண்டில் போட ஆசைப்பட்ட எல்லோரும்தான். ஒருவர் தலையில் போடுவதாக நினைத்து நான் போட்டது எத்தனை பேர் தலையில் விழுந்தது என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. வேலை கிடைத்து மாமா சிட்னிக்குப் போய், பென்டில் ஹில்லில் குடியிருந்து, அங்கேயே காலமானார். நான் அவரைப் பார்க்கப் போனபோதெல்லாம் சொல்லிவிடவேண்டும் என்றுதான் ரயில் ஏறினேன். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பெப்ரவரி 12, வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்கு நான் குசினிக்குள் போனபோது மாமா வெள்ளைச் சட்டையும் அப்பாவின் கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு நின்றார். கையில் ஒரு துண்டுக் காகிதம். நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.

“பிள்ளை, ‘ஐ குளோஸ்ட் த கேற்’ எண்டு சொல்லுறதோ, ‘ஐ ஷட் த கேற்’ எண்டு சொல்லுறதோ? எது அவைக்கு விளங்கும்?”

“ஷட்.”

“ஐ சட் த கேற்.”

“சட் இல்லை மாமா. ஷட். கேற் இல்லை, கேட்.”

அவர் காகிதத்தில் திருத்திக்கொண்டார். மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை சரியாக வந்தது.

“‘ஐ’ எண்டதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேணுமோ?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

“ஓம் மாமா” என்றேன். “அப்பதான் நீங்கள்தான் எண்டு அவருக்கு விளங்கும்.”