இரைச்சல் யார் வீட்டில்

செங்கல்பட்டு பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சைஃபுல்லாவுக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ரேடியோ பைத்தியம் பிடித்தது. கண்ணாடி மாற்ற வந்த ரூத் டீச்சர்தான் அதற்குக் காரணம். சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையோரம் அவருக்கு வீடு. அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர். புயலில் செல்போன் டவரெல்லாம் படுத்துவிட்ட ஒரு நாள் தாமும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து தகவல் அனுப்பிய கதையை, சைஃபுல்லா லென்ஸைத் தேய்த்து முடிப்பதற்குள் சொல்லி முடித்தார். அன்று கடையைச் சாத்தியபோது சைஃபுல்லாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

பரீட்சை எழுதினார், உரிமம் வாங்கினார். ரெடிமேட் செட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று தோன்றியதால், தானே கட்டுவது என்று முடிவு செய்தார். சின்னச் சின்ன ஸ்க்ரூக்களோடு வாழ்நாளெல்லாம் பழகிய கை. ஆனாலும் தப்பு வராமல் இல்லை. கேபிளைப் பொறுமையாக ஈயம் உருக்கி சால்டர் வைத்து முடித்த பிறகுதான், அதன் மூடியை முதலிலேயே கோத்திருக்க வேண்டும் என்பது உறைக்கும். ஒருமுறை ஆண்டெனா கம்பியை மீட்டரில் அளப்பதற்குப் பதிலாக அடியில் அளந்து வெட்டிவிட்டார். டையோடைத் தலைகீழாக வைத்து அது கண்ணெதிரே புகைந்து போனதும் உண்டு. இதையெல்லாம் சாயங்கால நேரத்தில் அலைவரிசையில் கூடும் நண்பர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். அவர்களும் தங்கள் தங்கள் அசட்டுத்தனங்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். அது அங்கே ஒரு விளையாட்டு மாதிரி.

ரேடியோ ஒரு வழியாக வேலை செய்யத் தொடங்கியதும் அதற்குக் கரென்ட் கொடுக்க ஒரு பவர் சப்ளை கட்டினார். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த சர்க்யூட்டை மாற்றி, இரும்புப் பெட்டிக்குள் பொருத்தினார். பெட்டி அழகாக இருக்கட்டும் என்று உள்ளேயும் வெளியேயும் இலைப்பச்சை பெயின்ட் அடித்தார். "ஃபிரிட்ஜ் மாரி பளபளன்னு கீது," என்றாள் அவர் மனைவி பதருன்னிசா. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரம் ரேடியோவில் 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் வந்து குடியேறியது. பக்கத்து ஊர்க்காரர் குரல் கேட்டது. தூரத்துக் குரல்கள் எல்லாம் அதற்குள் மூழ்கிப்போயின.

பக்கத்து வீட்டு ரேணுகா அப்போதுதான் கார் ஷெட்டில் வண்ணமீன் வளர்ப்பை ஆரம்பித்திருந்தாள். அவள் கணவன் ஜெகதீசன் சிறுசேரியில் ஐ.டி. கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதே அபூர்வம். ஷெட்டு முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், எல்.இ.டி. விளக்குகள், தண்ணீரில் காற்று விடுகிற மோட்டார்கள். சைஃபுல்லா ஒரு சின்ன டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரின் அருகே இரைச்சல் உச்சத்தில் இருந்தது. இரண்டு வீட்டுக் கரென்ட் ஒயர்களும் அந்தச் சுவர் வழியாகத்தான் போகின்றன என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைக்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் முன்னால் வந்து நின்றது.

"ரேணும்மா, உன் மோட்டாராலதான் என் ரேடியோவுல ஒரே இரைச்சலு," என்றார் சுவருக்கு மேலாக.

"ஐயய்யோ, நெசமாவா பாய்? எனுக்கு இதெல்லாம் தெரியாதே. இப்போ இன்னா பண்றது?"

"சாயங்காலம் நான் பேசற நேரம் மட்டும் நிறுத்தி வையேன். முடிஞ்சதும் குரல் குடுக்கறேன், போட்டுக்கோ."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "மீனுக்குக் காத்து வேணும் பாய். ரொம்ப நேரம் தாங்காது."

"ஒரு மணி நேரம்தான். ஒண்ணும் ஆவாது."

அன்று மாலை அவள் மோட்டாரை நிறுத்தியபோது இரைச்சல் குறைந்த மாதிரிதான் இருந்தது. குறைந்தது என்றே நம்பினார். "பிடிச்சுட்டேன். பக்கத்து வூட்டு மீன் தொட்டிதான்," என்று அலைவரிசையில் எல்லோருக்கும் அறிவித்தார். நண்பர்கள் பாராட்டினார்கள். ரூத் மட்டும், "உங்க வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்திட்டு, பேட்டரியில கேட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் பாத்தாச்சு டீச்சர்," என்றார் சைஃபுல்லா. பார்க்கவில்லை.

சித்திரை மாதத்தில், இலை அசையாத ஒரு புழுக்கமான சாயங்காலம் அது நடந்தது. இரைச்சலையும் கிழித்துக்கொண்டு ஓமனிலிருந்து ஒரு குரல் அவருடைய அழைப்புக்குப் பதில் சொன்னது. தன் கையால் கட்டிய செட்டில் முதல் வெளிநாடு! பேசி முடித்ததும் பதருன்னிசாவை அழைத்துச் சொன்னார். துபாயில் இருக்கும் மைத்துனனுக்குப் போன் போட்டுச் சொன்னார். உற்சாகம் அடங்காமல் கடைத்தெருவுக்குப் போய் பாதாம் அல்வா வாங்கி வந்தார். சுவர்ப் பக்கம் குரல் கொடுக்க மறந்தே போனார். ரேணுகா அன்றைக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டு, காய்ச்சலில் மாத்திரை போட்டுக்கொண்டு, அவர் குரலுக்காகக் காத்திருந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

காலையில் ஷெட்டிலிருந்து அவள் அலறல் கேட்டது. சைஃபுல்லா ஓடிப்போய்ப் பார்த்தார். பெரிய தொட்டியில் தங்கமீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. குஞ்சிலிருந்து அவள் வளர்த்து, அந்த வாரம் கடைக்காரர்களுக்குக் கொடுக்க வைத்திருந்தவை. அவள் ஒவ்வொன்றாக வலையில் அள்ளி பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நைட்டு ஃபுல்லா மோட்டாரு போடல பாய். நான் தூங்கிட்டேன், எம் மேலதான் தப்பு," என்றாள்.

'இல்லை, நான்தான் கூப்பிட மறந்தேன்' என்று சொல்ல வாயெடுத்தார். "வெயிலும் ஒரு பக்கம் கொளுத்துதேம்மா," என்பதுதான் வெளியே வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, சாப்பிட்டுவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். ஏதோ ஷார்ட் ஆகி வீட்டில் மட்டும் கரென்ட் போனது. எலக்ட்ரீஷியன் வரும் வரை சும்மா இருப்பானேன் என்று, ஸ்கூட்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய பேட்டரியை எடுத்து ரேடியோவில் மாட்டினார்.

இரைச்சல் இல்லை. அலைவரிசை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கேயோ ஒருவர் இருமுவதுகூடக் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ரேணுகாவின் ஷெட்டில் விளக்குகள் எரிந்தன, மோட்டார்கள் ஓடின, மிஞ்சிய தொட்டிகளில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

பேட்டரியைக் கழற்றி வைத்தார். பச்சைப் பெட்டியைக் கவிழ்த்துத் திறந்தார். இரைச்சல் வெளியே போகாமல் தடுக்கிற பகுதியிலிருந்து ஓர் எர்த் ஒயர் வந்து, பெட்டியின் இரும்பில் ஸ்க்ரூவால் முடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது இரும்பைத் தொடவில்லை. நடுவே, மின்சாரத்தை விடாமல், வழவழவென்று இலைப்பச்சை பெயின்ட். அழகுக்காக அடித்த பெயின்ட்டை அந்த இடத்தில் மட்டும் சுரண்டிவிட்டு ஸ்க்ரூவை முடுக்க வேண்டும் என்பது இந்த வேலையில் பால பாடம். பிளேடால் சுரண்டினார், மறுபடி முடுக்கினார். கரென்ட் வந்ததும் பவர் சப்ளையைப் போட்டார். இரைச்சல் போயே போய்விட்டது.

இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

அன்று மாலையே சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. கரெக்டாக அவர் பேசும் நேரத்துக்கு ரேணுகா மோட்டாரை நிறுத்தினாள். அவர் ரேடியோவைத் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "முடிஞ்சிச்சும்மா," என்று குரல் கொடுத்தார். சனிக்கிழமையும் அதே. ஞாயிறன்று மோட்டார் நின்றிருந்தபோது ஷெட்டுக்குள் அவள் விசிறியால் தண்ணீரின் மேல் வீசிக்கொண்டிருப்பதை ஜன்னலில் பார்த்தார். காற்று போகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அன்று இரவு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். திங்கட்கிழமை பதருன்னிசா விடாமல் கேட்க, சொல்லிவிட்டார்.

அவள் அவரையே பார்த்தாள். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கவில்லை. ஜெகதீசனும் வீட்டில் இருந்தான். அவர்கள் வீட்டு வாசலில் நின்றபடியே சைஃபுல்லா ஆரம்பித்தார்: "ரேணும்மா, இனிமே நீ மோட்டாரை நிறுத்த வாணாம். என் செட்டுலயே ஒண்ண சரி பண்ணிட்டேன்."

ரேணுகாவின் முகம் மலர்ந்தது. "ரொம்ப தேங்க்ஸ் பாய்! எங்களுக்கோசரம் மெனக்கெட்டுப் பண்ணீங்களா?"

ஜெகதீசன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்க பாய், டீ சாப்டுங்க."

அங்கேயே முடித்துக்கொண்டு போய்விடலாம். அந்த டீயைக் குடிக்க மனசு வரவில்லை. உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னார். இரைச்சல் ஒருநாளும் அவளுடையதாக இருந்ததில்லை. பெயின்ட்டைச் சுரண்டாதது தன் தப்பு. மீன் செத்த அன்று கூப்பிட மறந்ததும் தான்தான். வெயில் என்று சொன்னது பொய்.

ஜெகதீசன் எழுந்துவிட்டான். "இன்னா பாய் நீங்க..." என்றவன் ஷெட்டுப் பக்கம் போனான். ரேணுகா அழவில்லை, கத்தவுமில்லை.

"இது எப்போ தெரிஞ்சிது உங்களுக்கு?"

"வெள்ளிக்கெழம."

"அப்போ வெள்ளிக்கெழம சாயங்காலம் நான் ஏன் நிறுத்துனேன்? நேத்து ஏன் நிறுத்துனேன்?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செத்த மீன்களைப் பற்றிக் கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பார்.

"கரென்ட் போனாலும் ஓடற மாரி ஒரு மோட்டார் கட்டித் தரேன்மா," என்றார் கடைசியில்.

"உங்க கையால கட்டுனது எதுவும் வாணாம் பாய்," என்றாள் அவள், மெதுவாக.

அன்று மாலை அலைவரிசையில் அவர் தன் முறை வந்ததும் பேசினார். "பக்கத்து வூட்டு மீன் தொட்டின்னு சொன்னேன். அது தப்பு. என் பவர் சப்ளைதான். அந்தம்மா மேல பழி போட்டுட்டேன். டீச்சர் கேட்டதுக்கு பாத்துட்டேன்னு சொன்னேன். அதுவும் பொய்யி." யாரும் சிரிக்கவில்லை. பிறகு ரூத்தின் குரல் வந்தது: "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் டீச்சர்."

"சரி," என்றார். கல்பாக்கத்து நண்பர் ஒருவர் கடல் அலை பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ரேணுகா புதுக் குஞ்சுகள் வாங்கித் தொட்டியில் விட்டாள். பதருன்னிசாவோடு எப்போதும் போலப் பேசுகிறாள். இவரைப் பார்த்தால் "இன்னா பாய்" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். மழைக்காலம் வருவதற்குள் சைஃபுல்லா சென்னைக்குப் போய், பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றைக் கடையில் வாங்கி, மனைவியிடம் கொடுத்தனுப்பினார். ஜன்னல் ஓரம் நின்று பார்த்தார். ரேணுகா அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பெனி சீல் உடையாமல் இருக்கிறதா என்று விரலால் தடவினாள். அப்புறம்தான் வாங்கிக்கொண்டாள்.

சைஃபுல்லாவுக்கு முகம் சுருங்கியது. ஆனால் அவள் அப்படிப் பார்த்ததில் தப்பே இல்லை என்றும் தோன்றியது. திரையை இழுத்துவிட்டு உள்ளே போனார்.