ஏணியை எடுத்தவள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், சும்மா நிற்கிற வேலை என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், கழிவுநீர்த் தொட்டிகளைக் கழுவும் கான்ட்ராக்ட் ஆட்களில் நானும் ஒருத்தி. தொட்டிக்குள் ஆள் இறங்கினால் மேலே, அதன் வாயருகில் ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவரை அடிக்கடி கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டு, மறுபடியும் நிற்க வேண்டும். என்ன ஆனாலும் உள்ளே இறங்கக் கூடாது. முகமூடியும் முதுகில் காற்று சிலிண்டரும் மாட்டிய ரெஸ்க்யூ டீம் வரும்வரை வேறு யாரையும் இறங்க விடவும் கூடாது.

"இந்த மாதிரி தொட்டியில ஒருத்தர் மட்டும் செத்தார்னு நான் கேள்விப்பட்டதே இல்லம்மா" என்று முதல் நாள் ட்ரெயினிங்கில் சேஃப்டி ஆபீசர் சொன்னார். "தூக்கப் போனவங்களும் சேர்ந்துதான் சாவாங்க. அதுக்காகத்தான் நீங்க." நான் அதை எழுதிக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஆபீசர் சொன்னதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர்தான் என் வீட்டுக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மண்ணூரில் எங்கள் தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்பார்கள். ஏரி உடைத்துக்கொண்டு தெருவில் வெள்ளம் வந்த வருஷம், மூழ்கிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் நீந்திப் போய் இரண்டு பேரை இழுத்து வந்தார். சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று தீப்பிடித்தபோது, எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், இவர் கண்ணாடியை உடைத்து டிரைவரை வெளியே இழுத்தார். அதில் வெந்த கையில் இன்றைக்கும் முடி முளைக்கவில்லை. ஊரே கொண்டாடியது. நான்தான் ஒரு மாதம் அந்தக் கைக்கு மருந்து போட்டேன். போடும்போதெல்லாம் திட்டினேன்.

"ஒருத்தனுக்கு உசுரு போவுது. பாத்துகினு நிக்க சொல்றியா?" என்பார்.

"உனக்கு இன்னாய்யா, நீ பாட்டுக்குப் போய்ச் சேந்துடுவ. நல்லவன்னு போஸ்டர் ஒட்டுவானுங்க. போஸ்டர் கிழிஞ்சப்புறம் மிச்சம் நிக்கப் போறவ நானு."

"அந்த நேரத்துல எனக்கு யாரும் ஞாபகத்துக்கு வர மாட்டாங்கமே. சத்தியமா."

"அதுதான்யா சுயநலம். யாருமே ஞாபகத்துக்கு வராம இருக்கறதுதான்."

எத்தனையோ முறை இதே சண்டை. எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். ஒரே கும்பலில் நானும் வேலைக்குச் சேர்ந்ததற்குக் காரணமே, இந்த ஆளை என் கண் முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். நிற்கிற வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

போன ஆயுத பூஜைக்குக் கம்பெனி மூன்று நாள் மூடியிருந்தது. தொட்டிகளை அப்போதுதான் கழுவ முடியும். லைன் ஓடாத கம்பெனியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பிரஸ் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டால், கூரைத் தகடு வெயிலில் முறுக்கிக்கொள்கிற சத்தம்கூடக் கேட்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். மனிதர்கள் இல்லாமல் மாலை போட்ட மெஷின்கள் மட்டும் வரிசையாக நின்றன. காலையில் அந்த வழியாக நடந்து போகும்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு தொட்டிகள், தரைக்கு மேலே எழுப்பியவை; படி ஏறிப் போனால் வாயைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி போட்ட மேடை. பக்கத்துத் தொட்டியில் என் வீட்டுக்காரர். நான் நின்ற தொட்டியில் திண்டுக்கல் பக்கத்துக்காரர் ஒருவர். நாற்பது வயது இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார், குடும்பம் ஊரில். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் என்னை 'யக்கா' என்பார். நானும் அவரை அண்ணே என்பேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே இறங்குகிறவர் தன் போட்டோ ஒட்டிய அட்டையை வாயருகில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். அவரவர் அட்டையை அவரவர்தான் தொட வேண்டும், மற்றவர் கை படக் கூடாது. இது கம்பெனி சொன்ன விதி. இன்னொரு பழக்கம் எங்கள் கும்பலாகவே செய்துகொண்டது. தொட்டிக்குள் நல்ல காற்றை ஊதும் புளோயர் நாள் முழுக்கக் காதைப் பிளக்கும். டீ வந்ததும் அதை நிறுத்திவிடுவோம். பத்து நிமிஷம் காது ஓயட்டும், மனுஷன் பேசுகிறது மனுஷனுக்குக் கேட்கட்டும் என்றுதான். எல்லாரும் மேலே இருக்கும்போது உள்ளே யாருக்குக் காற்று?

அன்றைக்கும் டீ வந்தது, புளோயர் நின்றது. இருவரும் ஏறி வந்து அட்டையை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே விஷக்காற்று இருக்கிறதா என்று காட்டும் கேஸ் மீட்டரை ஆபீசர் வேறு பக்கம் எடுத்துப் போயிருந்தார். டீயைக் குடித்து முடிக்கும்போது, காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த அழுகின முட்டை நாற்றம் இல்லை என்பதைக் கவனித்தேன். அப்பாடா என்று இருந்தது. நாற்றம் போனால் கேஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு மரத்துப்போனாலும் நாற்றம் தெரியாது என்று ட்ரெயினிங்கில் சொல்லியிருந்தார்கள். அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

"யக்கா, ஸ்பானரக் கீழயே வச்சுப்புட்டேன். எடுத்துட்டு வந்துர்றேன். ரெண்டு நிமிசம்."

"மீட்டர் வரட்டும்ணே. கயிறு கட்டுன பெல்ட்டாவது மாட்டிக்க."

"காலையில பூராம் இறங்கி ஏறுனவன்தானக்கா. பெல்ட்டு மாட்டுற நேரத்துல எடுத்துட்டே வந்துருவேன்."

நான் விட்டுவிட்டேன். விசாரணையில் இதைச் சொல்லவில்லை. அவர் எனக்குத் தெரியாமல் இறங்கினார் என்று எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள், நானும் எழுதிக் கொடுத்தேன். இப்போது சொல்கிறேன். தெரிந்துதான் விட்டேன்.

அட்டையை மாட்டினார், இறங்கினார். "அண்ணே" என்று கூப்பிட்டேன். "ஆங்" என்றார். மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஏணியின் காலடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஹெல்மெட் விளக்கு சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. தூங்குகிறார் என்று சொன்னால் நம்பியிருப்பேன்.

வாக்கி டாக்கியில் சொன்னேன். சைரன் அடித்தது. புளோயரை யாரோ போட்டார்கள். நான் கீழே பார்க்கவில்லை. பக்கத்துத் தொட்டியைத்தான் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே வந்துகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர், ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு, கழுத்துத் துண்டை உருவிக்கொண்டு. அந்த முகம் எனக்குத் தெரியும். லாரி எரிந்த அன்றைக்கு வைத்திருந்த அதே முகம். அதில் நானும் இல்லை, மகளும் இல்லை, அவரும் இல்லை.

"தள்ளுமே."

"டீம் வருதுய்யா. ரூல்ஸ் தெரியாதா உனக்கு?"

"ரூல்ஸாவது மண்ணாவது. தள்ளு."

துண்டை நனைத்து மூக்கில் கட்ட வேண்டுமென்று பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியில் குனிந்தார். குனிந்தது ஒரு நொடி. நான் ஏணியை இழுத்தேன். அலுமினிய ஏணி, இழுத்தால் வந்துவிடும். வந்ததைக் கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். கீழே சிமெண்ட் தரையில் அது விழுந்த சத்தம் இருக்கிறதே, புளோயரையும் சைரனையும் மீறிக் கேட்டது.

"அடிப்பாவி! ஆளு கீறான்மே உள்ள!"

தொட்டி இரண்டு ஆள் ஆழம். குதித்துவிடலாம், ஏறத்தான் முடியாது. அவர் தொட்டி வாயின் விளிம்பில் கையை ஊன்றிக் காலை உள்ளே விட்டார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினேன். "குதி. நல்லா குதி. உன் பின்னாலயே நானும் குதிக்கறேன். பொண்ணு யார் வூட்டுக்குப் போவணும்னு மட்டும் சொல்லிட்டு குதி."

அவர் குதிக்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக யாரோ அவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள். விளிம்பில் உட்கார்ந்து கீழே இருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் பிடியை விடவில்லை.

டீம் வந்தது. முகமூடியோடு முன்னால் வந்தவர் வாயருகில் வந்து நின்று, சுற்றும் முற்றும் பார்த்துக் கேட்டார்.

"ஏணி எங்கே?"

கடவுளே. இறங்க வேண்டியவர்களுக்கும் அந்த ஏணிதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவர் கீழே ஓடி, ஏணியைத் தூக்கி, படி வளைவில் திருப்ப முடியாமல் தடுமாறி, மேலே கொண்டு வந்தார். அவ்வளவு நேரமும் அந்த விளக்கு சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

வெளியே எடுக்கும்போது நாடி இருந்தது. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். ஏணி அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா, என் வீட்டுக்காரர் இறங்கியிருந்தால் ஒரு பிணமா இரண்டு பிணமா, யாருக்குத் தெரியும். டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய அட்டை பலகையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவரவர் அட்டையை அவரவர்தான் எடுக்க வேண்டும் அல்லவா, அதனால் யாரும் கை வைக்கவில்லை. நான்கு நாள் கழித்துப் பலகையோடு கழற்றிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவியைப் பார்த்தேன். திண்டுக்கல்லிலிருந்து கட்டின புடவையோடு வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் நேராக அவளிடம் போய்ச் சொல்லிவிட்டார். "நான் இறங்கப் போனேம்மா. இவதான் ஏணிய எடுத்துட்டா." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். திருமணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சண்டைக்கு இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உள்ள கெடந்தது உங்க வீட்டுக்காரரா இருந்தா ஏணிய எடுத்திருப்பீங்களாக்கா?"

அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். பிறகு யாரோ கூப்பிட, உள்ளே போய்விட்டாள்.

கம்பெனியில் எனக்குச் சர்டிபிகேட் கொடுத்தார்கள். பதற்றப்படாமல் விதிப்படி நடந்து இன்னொரு உயிரைக் காத்தவர் என்று படித்தார்கள், கை தட்டினார்கள். விதியாவது ஒன்றாவது. ஏணியை இழுத்த நொடியில் எனக்கு எந்த விதியும் ஞாபகம் இல்லை. என் ஆள், என் வீடு, அவ்வளவுதான். கீழே கிடந்தவர் ஒரு துளிகூட ஞாபகத்தில் இல்லை. இத்தனை வருஷம் என் வீட்டுக்காரரை எந்த வார்த்தையால் திட்டினேனோ, அதே வார்த்தையை அன்றைக்கு எனக்கு நானே சம்பாதித்துக்கொண்டேன். சர்டிபிகேட் பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது.

வீட்டில் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார். மகள் என்னிடம் சொல்வாள். ஒரே வண்டியில் வேலைக்குப் போவோம், ஒரு வார்த்தை இருக்காது. தெருவில் யாராவது பழைய லாரிக் கதையை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

பொங்கல் லீவுக்கு மறுபடி அதே தொட்டி. இந்த முறை புளோயர் டீக்கும் நிற்கவில்லை. மீட்டர் விட்டுப் பார்த்தார்கள், பெல்ட் மாட்டினார்கள், எல்லாம் ஒழுங்கு. உள்ளே இறங்குகிறவர் என் வீட்டுக்காரர். மேலே நிற்கிறவள் நான். அவர் இடுப்பிலிருந்து ஒரு கட்டுக்கம்பியை எடுத்தார். ஏணியின் தலையைக் கைப்பிடியோடு சேர்த்துக் குறடால் முறுக்கிக் கட்டினார். ஒரு கட்டு போதாதென்று இரண்டாவதும் கட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இத யாரும் எடுக்கக் கூடாது."

மூன்று மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. சரி என்றேன். அட்டையை மாட்டினார், இறங்கினார். குறடு கைப்பிடி ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நாளைக்கு வேறு ஆள் இறங்குவார், இவர் மேலே நிற்பார். கட்டை அவிழ்க்க நாளைக்கு அது எனக்கு வேண்டியிருக்கும். இன்றைக்குக் கட்டு இருக்கட்டும். இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிக்கூடப் பார்த்தேன்.

"யோவ், கீறியா?" என்று கூப்பிட்டேன்.

"கீறேன்."

கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டேன். புளோயர் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. மூன்றாம் முறை கத்தினேன்.

"கீறேன்மே, காதுல விழல. இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தற?" என்று கீழேயிருந்து குரல் வந்தபோது, வாக்கி டாக்கி தரையில் கிடந்தது. என் கால் ஏணியின் இரண்டாவது படியில் இருந்தது.