ஞாயிறு மதியங்களில் வந்தவர்

மகளிர் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, திருப்பூர் நல்லூரில் ஒரு மாடி அறையில் தனியாகத் தங்கியிருந்தேன். கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் பேசிப் பழக எனக்கு யாருமில்லை. அதனால் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து என்னை அறிமுகப்படுத்திக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா கதவைத் தட்டினார். பனியன் கம்பெனியில் தைப்பவர். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"தப்பா நெனைக்காதீங்க கண்ணு. தெனமும் தனியாப் பேசறது கேக்குது. மனசுக்கு ஏதாச்சும் சங்கடமுங்களா?"

வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. ஆனா கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா? சொல்லுங்க."

ஆரம்பித்தேன். சுவரிடம் தடையில்லாமல் வந்த வார்த்தைகள், ஒரு முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டன. திருப்பூருக்கு வந்த பிறகு என்னை யாரும் அப்படி நிதானமாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதுவிட்டேன்.

"அதுக்கென்னங்க, மறுக்கா மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

அதன்பின் ஞாயிறுதோறும் வந்தார். நான் பேசுவேன், அவர் தலையாட்டிக் கேட்பார். இன்டர்வியூவில் எதிரே இருந்தவர்களின் முகம் பார்த்துப் பேச முடிந்தது. சென்னையில் வேலை கிடைத்தது.

சொல்வதற்கு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா என் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப இனி ஞாயித்துக்கெழம நான் எங்க போறதுங்க?"

அந்த வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். அத்தனை வாரங்களாக என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். 'உங்களைப் பத்திச் சொல்லுங்கக்கா' என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்று கேட்டேன். இருட்டும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.